முயலின் தாடையில் ஒரு கட்டி



நம் மலையில் ஒரு குழு உறுப்பினர் வீட்டில் ஐப்பசி அடைமழையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "நான் செஞ்ச தப்ப இன்னொருத்தி செய்யக் கூடாதுக்கா, எழுதுங்க. எம் பேர மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

குழுவில் உள்கடன் எடுத்து இரண்டு பெட்டை, ஒரு ஆண் என்று மூன்று முயல் வாங்கியவர் அவர். ஒருநாள் புல் போடும்போது பெரிய பெட்டையின் கீழ்த்தாடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பத்து நாளில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "பழுத்துப் போச்சு, குத்தி விடு" என்றார். ஊசியைத் தணலில் சுட்டுக் குத்தினார்கள். ஆட்டுக்கு வருவது போல சீழ் ஒழுகி வரவில்லை. கெட்டித் தயிர் மாதிரி கொஞ்சம் வெள்ளையாக எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். மீதியைப் பிதுக்கினார்கள். முயல் கத்தியது. முயல் கத்தி நம்மில் பலர் கேட்டே இருக்க மாட்டோம். தாங்க முடியாத வலியிலும் பயத்திலும்தான் அது அப்படிக் கத்தும்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை பிழைத்திருக்கும். பையனுடைய தொண்டை வலிக்கு வாங்கிய அமாக்சிசிலின் மாத்திரை நாலு வீட்டில் மிச்சம் இருந்தது. பாதி பாதியாக உடைத்து, வெல்லத் தண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் புகட்டினார். மூன்றாம் நாள் முயல் புல்லைத் தொடவில்லை. நான்காம் நாள் கழிச்சல். ஐந்தாம் நாள் விடியற்காலை கூண்டுக்குள் விறைத்துக் கிடந்தது. வயிற்றில் குட்டி வேறு.

கட்டிதான் கொன்றது என்று அவர் நினைத்தார். பிறகு கால்நடை மருத்துவரிடம் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கட்டியோடு முயல் இன்னும் பல வாரம் இருந்திருக்கும். மாத்திரைதான் ஐந்து நாளில் முடித்துவிட்டது.

மனுஷ மாத்திரை முயலை என்ன செய்கிறது?

முயல் புல் தின்கிற பிராணி என்றாலும் ஆடு மாடு போல அசை போடாது. தின்ற புல் அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள ஒரு பெரிய பைக்குள் போய்த்தான் புளித்து, செரித்து, சத்தாகிறது. பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும் அல்லவா? அதுபோல அந்தப் பைக்குள் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இருந்து வேலை செய்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின் போன்ற மருந்துகள் வாய் வழியே போனால் கட்டியில் உள்ள கிருமிக்கு முன்னால் இந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். லிங்கோமைசின், கிளிண்டாமைசின் என்ற மருந்துகளும் அப்படியே. நல்லது செத்த இடத்தில் கெட்ட கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். முயல் தீனியை விடும், கழியும், சில நாளில் சாகும். நம் பிள்ளைக்கு உயிர் காக்கிற அதே மாத்திரைதான்.

அப்படியானால் முயலுக்குச் சீழ் வந்தால் மருந்தே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முயலுக்கு ஆகிற வேறு மருந்துகள் கால்நடை மருத்துவருக்குத் தெரியும். எதை வாயில் கொடுப்பது, எதை ஊசியாகப் போடுவது, எடைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் கணக்கு. நாம் மெடிக்கலில் போய் "கட்டிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் ஆபத்து. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நாய்க்கு உண்ணி போக அடிக்கிற மருந்துகளில் ஃபிப்ரோனில் என்று போட்டிருந்தால் அது முயலுக்கு விஷம். வீட்டில் நாயும் முயலும் இருந்தால் பாட்டிலைத் தனியாக வையுங்கள்.

கட்டி எல்லாம் ஒரே கட்டி இல்லை

முதலில் கட்டியே இல்லாததைக் கட்டி என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வயதுக்கு வந்த பெட்டை முயலின் தாடைக்குக் கீழே தொளதொளவென்று ஒரு தோல் மடிப்பு தொங்கும். அது உடல்வாகு. குட்டி போடும் நேரத்தில் அங்கிருந்துகூட முடியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும். நாலு மாதத்து ஆண் முயலுக்கு விதை இறங்குவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் வீங்கிடுச்சு" என்று ஓடிவந்த சகோதரி ஒருவர் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார். சிரித்தாலும், கையால் தொட்டுப் பார்த்துத்தானே கண்டுபிடித்தார்! பார்க்காமல் விட்டவர்களைவிட அவர் மேல்.

உண்மையான கட்டிகளில் முயலுக்கு அதிகம் வருவது சீழ்க்கட்டி. ஆண் முயல்கள் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக்கொள்ளும். கடிவாய் சின்னதாக மூடிவிடும், உள்ளே சீழ் கட்டும். கூண்டுக் கம்பி குத்தினாலும் அப்படியே. தாடையில் வந்தால் பெரும்பாலும் அதன் வேர் பல்லில் இருக்கும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். புல்லும் தழையும் நாள் முழுக்க அரைத்தால்தான் அது தேயும். அடர்தீவனத்தையும் மீந்த சோற்றையும் போட்டு வளர்த்தால் பல் நீண்டு, கோணி, வேர்ப்பக்கம் சீழ் வைக்கும். வெளியே நமக்குத் தெரிவது தாடைக் கட்டி. நம் சகோதரியின் முயலுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவர் வீட்டில் மழைக்குப் பயந்து இரண்டு வாரமாகப் புல் அறுக்கப் போகவில்லை, தவிடுதான் வைத்திருக்கிறார். இரண்டு வாரத்தில் பல் கோணாது என்றாலும், வாங்கிய இடத்திலும் அந்த முயல் தவிட்டிலேயே வளர்ந்ததுதான்.

முயலின் சீழ் தண்ணீராக இருக்காது. பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும். அதைச் சுற்றி தடிமனான ஒரு பை வேறு. அதனால்தான் குத்தினால் வடியாது. பிதுக்கினால் பை உள்பக்கம் கிழிந்து சீழ் சதைக்குள் பரவும். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பையோடு எடுத்தால்தான் தீரும். பல் காரணமாக இருந்தால் அந்தப் பல்லையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வரும்.

அடுத்தது கொழுப்புக் கட்டி மாதிரி வருவது. தோலில் உள்ள சின்னச் சுரப்பியோ முடிக்காலோ அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு பை உண்டாகி, மாவு போன்ற வெள்ளைப் பொருள் சேரும். உருண்டையாக இருக்கும், தோலோடு சேர்ந்து நகரும், தொட்டால் பிராணி வலியில் துள்ளாது. மெதுவாகத்தான் வளரும். இதற்கு அவசரமே இல்லை. ஆனால் பிதுக்கினால் வலியில்லாத கட்டி வலியுள்ள புண்ணாகும். பை உள்ளே இருக்கும்வரை திரும்ப நிரம்பும்.

நீர் நிறைந்த பலூன் போல ஒரு கட்டியும் எப்போதாவது வருவது உண்டு. நாயின் வயிற்றில் இருக்கும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, நாய் மலம் பட்ட புல் வழியாக முயலுக்குள் போய், தோலுக்கு அடியில் நீர்ப்பையாக வளரும். தெருநாய் சுற்றுகிற வழியோரத்துப் புல்லை அறுக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான். காப்பித் தோட்டத்தில் மருந்து அடித்த இடத்துப் புல்லும் வேண்டாம்.

குட்டி போட்ட பெட்டைக்கு மார்க்காம்பைச் சுற்றிச் சூடாக, சிவந்து அல்லது நீலம் பாரித்து வீங்கினால் அது மடிநோய். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அந்தக் குட்டிகளை இன்னொரு தாயிடம் விடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள், நோய் அங்கும் போகலாம்.

நம் மலையின் ஈரம்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முயலுக்கு வெயில் ஆகாது, குளிர் ஆகும். அந்த வகையில் நம் மலை அதற்கு நல்ல இடம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்திலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் முயல் வளர்ப்பது இதே குளிருக்காகத்தான். ஆனால் குளிர் வேறு, ஈரம் வேறு. மழைக்காலத்தில் இங்கே மூடுபனி கூண்டுக்குள்ளேயே வந்து உட்காரும். நனைந்த கோணியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்காலின் அடிப்பாகம் புண்ணாகும், முடி கொட்டும், அங்கே சீழ் வைக்கும். வட்ட வட்டமாக முடி கொட்டி வெள்ளைச் செதில் வந்தால் படர்தாமரை. அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடை அடையாக வந்தால் சொறிப்பூச்சி. அதைப் பிய்த்து எடுக்கக் கூடாது, மருத்துவர் போடும் ஊசியில் தானாக உதிரும். கூண்டை மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மேற்குப் பக்கம் சாரல் அடிக்காமல் மறைத்து, நனைந்த கோணியை அன்றன்றைக்கு மாற்றினால் பாதி நோய் வராது.

சீமைப்பெருச்சாளி வைத்திருப்பவர்களுக்கு

டவுனில் இப்போது கினிப்பன்றி என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். நம் ஊர் வீடுகளிலும் ஒன்றிரண்டு வந்துவிட்டது. தமிழில் சீமைப்பெருச்சாளி என்ற பேர் இருக்கிறது. அது பன்றியும் இல்லை, பெருச்சாளியும் இல்லை. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாட்டு மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்து வருகிற பிராணி. அங்கே அதை 'குய்' என்கிறார்கள். நம் வீட்டில் கோழி மாதிரி அங்கே அடுப்படியிலேயே ஓடித் திரியும். காய்கறித் தோலும் புல்லும் போட்டு வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். விருந்தாளி வந்தால் குழம்பாகும், கைச்செலவுக்கு வேண்டுமென்றால் சந்தைக்குப் போகும். மலையும் பெண்ணும் சின்னப் பிராணியும், நம் கதை மாதிரியே இருக்கிறது.

இதற்கு முதுகின் பின்பக்கம், இடுப்புக்கு மேலே கட்டி வருவது சகஜம். முடிக்காலில் இருந்து கிளம்பும் கட்டி அது. பெரும்பாலும் பரவாது, உயிருக்கு ஆபத்து இல்லை. சில சமயம் தானாக உடைந்து சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று வரும். மருத்துவர் சின்ன அறுவையில் எடுத்துவிடலாம். கழுத்தில், தாடைக்கு இரண்டு பக்கமும் வந்தால் வேறு விஷயம். சொரசொரப்பான தண்டும் முள்ளும் வாயைக் கீறி, அந்த வழியே கிருமி நுழைந்து நெறி கட்டிச் சீழ் வைத்திருக்கும். அது கூட இருக்கும் மற்றதற்கும் ஒட்டும், அதனால் உடனே தனியாகப் பிரியுங்கள். வால் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு திட்டு இருந்தால், அது நோய் இல்லை. அங்கே ஒரு சுரப்பி இருக்கிறது, ஆணுக்கு அதிகமாகச் சுரக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

மேலே முயலுக்குச் சொன்ன மாத்திரைகள் இதற்கு இன்னும் கெடுதல். இன்னொரு முக்கியமான வித்தியாசம்: முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். சீமைப்பெருச்சாளியால் முடியாது, நம்மைப் போல. அது குறைந்தால் எந்தப் புண்ணும் ஆறாது, மூட்டு வலியில் நடக்காது. தினமும் ஒரு சின்னத் துண்டு பெரிய நெல்லிக்காய் அல்லது கொய்யாப்பழம், கூடவே கொஞ்சம் கொத்தமல்லித் தழை கொடுத்தால் கடைச் சொட்டு மருந்து தேவைப்படாது.

மருத்துவரிடம் கொண்டுபோகும்வரை

கட்டி கையில் பட்ட அன்றே தேதியையும் அளவையும் குழு நோட்டிலோ காலண்டரிலோ எழுதி வையுங்கள். பட்டாணி, புளியங்கொட்டை, நெல்லிக்காய் என்று எழுதினாலும் போதும். எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. கட்டியின் மேல் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு எதுவும் போடாதீர்கள். முயலின் தோல் காகிதம் போல மெல்லியது, வெந்துவிடும். அது நக்கியும் விடும்.

தானாக உடைந்துவிட்டால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் ஒரு சின்னத் தேக்கரண்டி உப்பு தலைதட்டிப் போட்டு, சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைக்கும். கொசுவலைத் துண்டு ஒன்றைக் கூண்டின் மேல் போடுங்கள்.

எந்தக் கட்டிக்கு எவ்வளவு அவசரம்? தின்கிறது, புழுக்கை வழக்கம் போலப் போடுகிறது என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் காட்டலாம். அரை நாளாகத் தின்னவில்லை, புழுக்கை நின்றுவிட்டது என்றால் கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். முயலின் குடல் நின்றால் கட்டிக்கு முன்னால் அதுதான் கொல்லும்.

முதலில் நம் பகுதி அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் பேசி நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருமா என்றும் கேட்கலாம். அறுவை தேவை என்று சேலத்துக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பினால், விடியற்கால முதல் பஸ்ஸில் இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி அடிவாரம் போனதும் அடிக்கிற வெயில் நமக்கே தாங்காது. சித்திரை வைகாசியில் மூங்கில் கூடையில் அடைத்த முயல் நடுப்பகலில் செத்தே போகும். கூடை மேல் ஈரத்துணி போடுங்கள், காற்று போகட்டும், உள்ளே ஒரு கைப்பிடி புல் இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி. பின்னங்காலை உதறினால் அதன் முதுகெலும்பே முறியும்.

"அறுவைக்கு முன்னாடி பட்டினி போடணும்" என்று நமக்குத் தெரிந்த வழக்கம் இங்கே பொருந்தாது. முயலும் சீமைப்பெருச்சாளியும் வாந்தி எடுக்காது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். இதற்கு முன் என்ன கொடுத்தோம், என்ன தடவினோம் என்பதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று நம் சகோதரிகள் பலர் சொல்வதில்லை. திட்டினால் திட்டட்டும்.

அறுவை முடிந்து வந்தபின் மரத்தூள் போடாமல் பழைய செய்தித்தாளோ துவைத்த துணியோ விரியுங்கள். முதல் நாள் ராத்திரியே தின்னத் தொடங்க வேண்டும். அறுகம்புல், முருங்கைத் தழை, கல்யாண முருங்கை என்று அதற்குப் பிடித்ததை மூக்கருகே வையுங்கள். எத்தனை புழுக்கை போட்டது என்று எண்ணுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தேறுகிறதா இல்லையா என்பது அதில்தான் தெரியும். ஊசி மருந்து போட்ட முயலை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்குமுன் விற்பது வாங்குகிறவர் வயிற்றில் மருந்தைப் போடுவது.

அந்தச் சகோதரியிடம் இப்போது ஒரு பெட்டையும் ஆணும் இருக்கின்றன. பெட்டை நாலு குட்டி போட்டிருக்கிறது. தை மாதம் ஆண் முயலின் தொடையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது, பட்டாணி அளவுதான். இந்தத் தடவை யாரும் ஊசியைச் சுடவில்லை. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தோல் பை, நகருது பாரும்மா. வளராம இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றிருக்கிறார். சந்தா கட்டுகிற வெள்ளிக்கிழமைதோறும் அதைத் தொட்டுப் பார்த்து, காலண்டரில் "பட்டாணி" என்று எழுதி வருகிறார். பங்குனி வரைக்கும் பட்டாணிதான்.